ராஜாஜியின் நீண்ட கை

சென்ற இதழில் ராஜாஜியைப் பற்றி வந்த கட்டுரை முழுவதும் ஒரே வாதத்தின் மேல் நிற்கிறது. சேலம் நகராட்சித் தலைவர் நாற்காலியிலிருந்து கவர்னர் ஜெனரல் மாளிகை வரை, அங்கிருந்து சுதந்திராக் கட்சி வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் அவரை நடத்திச் சென்றது ஒரே கொள்கையாம். அரசாங்கம் சிறியதாக இருக்க வேண்டும், குடிமகனின் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் அது கை நீட்டக்கூடாது என்பதே அந்தக் கொள்கையாம். தமிழ்நாட்டுக்கு அது புரியவில்லை, சாதிக் காழ்ப்பு கண்ணை மறைத்தது, அவரைத் துரத்திவிட்டோம். இப்படிப் போகிறது கட்டுரை.

நடை சரளமாக இருக்கிறது. ஒரே ஒரு தொந்தரவு. அதில் வருகிற ராஜாஜி எந்தக் காலத்திலும் ஆட்சியில் இருந்ததில்லை.

1959ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய பிறகு அவர் எழுதியதையும் பேசியதையும் எடுத்து, அதற்கு முந்தைய நாற்பதாண்டு நிர்வாகத்தின் மேல் போர்த்தியிருக்கிறார் கட்டுரையாளர். ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்’ என்று நேருவின் அரசாங்கத்தைக் கிண்டல் செய்தபோது ராஜாஜிக்கு வயது எண்பது. கையில் எந்தப் பதவியும் இல்லை. பதவி இருந்தபோது என்ன செய்தார் என்று பார்ப்பதுதானே முறை? கட்டுரையாளர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கட்டுரை எழுதியிருக்க முடியாது.

சேலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒன்றரை வரியில் தாண்டிவிட்டார் அதை. 1911ல் நகராட்சி உறுப்பினர், 1917 முதல் 1919 வரை தலைவர். வக்கீல் தொழிலில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், குழாய், சாக்கடை, வரி பாக்கி என்று இறங்கினார். அக்ரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரை அவருடைய நிர்வாகம் நியமித்தது. வீதி கொதித்தது. தலைவர் அசையவில்லை. அவரும் ஐயங்கார்தான், எதிர்த்தவர்களில் பலர் சொந்தக்காரர்களாகவும் கட்சிக்காரர்களாகவும்கூட இருந்திருப்பார்கள். ராஜாஜியின் பொதுவாழ்வில் எனக்கு மிகப் பிடித்த காரியம் இதுதான். கவர்னர் ஜெனரல் பதவியைவிட இதை மேலே வைப்பேன்.

ஆனால் இது என்ன காரியம்? நகராட்சி என்றால் அரசாங்கம். குழாய் என்றால் வரிப்பணம். அக்ரகாரத்து மனிதர்கள் கேட்டது கட்டுரையாளர் கேட்பதையேதான்: எங்கள் வீதி வழக்கத்தில் அதிகாரம் தலையிடக்கூடாது, எங்கள் வீட்டுத் தண்ணீரை யார் தொடலாம் என்று நாங்களே முடிவு செய்வோம். ராஜாஜி அதை மறுத்தார். அரசின் கையை அக்ரகாரத்தின் குழாயடி வரை நீட்டினார். தலையிடாத அரசு என்ற தத்துவத்தை அன்று அவர் பின்பற்றியிருந்தால் சேலத்தில் அவர் பெயரை இன்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அந்த ஒன்றரை வரி ஏன் ஒன்றரை வரியாகவே நின்றது என்பது விளங்குகிறதல்லவா?

அடுத்தது 1937. சென்னை மாகாணத்தின் பிரதமர். ஜூலையில் பதவியேற்றார், அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ஒரு கூலித் தொழிலாளி மாலையில் என்ன குடிக்கலாம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். சிறிய அரசாங்கம் செய்கிற வேலையா இது? கள், சாராய வருமானம் போனதால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939ல் கொண்டுவந்ததுதான் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அது. கடைக்குள் அரசாங்கம் கை நீட்டக்கூடாது என்ற கொள்கையின் பிதாமகர்தான் இந்த நாட்டில் முதன்முதலாகக் கடைக் கல்லாவுக்குள் வரியோடு கை விட்டவர். வியாபாரிகள் அன்று போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பிற்பாடு எல்லா மாகாணங்களும் அதைப் பின்பற்றின. மாநிலங்களின் பெரிய வருமானமே அதுவாகிவிட்டது. கட்டுரையாளர் இன்றைய வரிக் கொடுமையைப் பற்றி இரண்டு பத்தி புலம்பியிருக்கிறார். அந்த மரத்தை நட்டவர் யார் என்று சொல்லத்தான் இடம் போதவில்லை.

1938ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். இது இன்னும் பெரிய சங்கடம். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று பாக்கி நின்ற வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்றது சட்டம். லேவாதேவிக்காரரும் குடியானவரும் கையெழுத்துப் போட்டுச் செய்துகொண்ட ஒப்பந்தத்தைச் சட்டசபை ஒரே அடியில் வெட்டியது. சொத்துரிமையும் ஒப்பந்தமும் புனிதம் என்கிறவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய சட்டம். எத்தனையோ விவசாயக் குடும்பங்கள் அதனால் மூச்சுவிட்டன. ராஜாஜிதான் கொண்டுவந்தார், அதற்காக அவரை வணங்கலாம். சுதந்திராக் கட்சிக்காரராக நினைத்து வணங்க முடியாது, அவ்வளவுதான். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தபோது, வழக்கு வரும் என்று சனாதனிகள் மிரட்டினார்கள். அவசரச் சட்டம் போட்டு, நுழைந்தவர்களைக் காப்பாற்றியதும் இதே பிரதமர்தான். அங்கேயும் அரசின் கை கோயில் கருவறை வாசல் வரை போனது.

இதே மூன்றாண்டில்தான் இந்தி. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயம் என்று உத்தரவு. மறியல் செய்தவர்கள் மேல் கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம் பாய்ந்தது. 1932ல் வெள்ளைக்காரன் காங்கிரஸ்காரர்களைப் பிடித்து உள்ளே போட வைத்திருந்த சட்டம் அது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள், கைக்குழந்தையோடு சிறை போன பெண்கள் உட்பட. பெரியாருக்கு ஓராண்டு, பெல்லாரிச் சிறை. நடராசனும் தாளமுத்துவும் 1939ல் சிறைக்கைதிகளாகவே இறந்தார்கள். நோய் என்றது அரசு. ஒரு பிள்ளை எந்த மொழி படிக்க வேண்டும் என்பதில் இவ்வளவு பிடிவாதம் காட்டிய அரசாங்கத்தை எந்தத் தராசில் வைத்தால் சிறியது என்று வரும்? கட்டுரையாளர் இதைத் தாண்ட ஒரு பாலம் கட்டுகிறார். பின்னாளில் ராஜாஜியே இந்தித் திணிப்பை எதிர்த்தார், ஆங்கிலம் என்றும் வேண்டும் என்றார், அது அவருடைய பெருந்தன்மை என்கிறார். எதிர்த்தது உண்மை, அதற்குத் துணிச்சலும் வேண்டும். ஆனால் அது டெல்லி திணித்தபோது. சென்னையில் தான் உட்கார்ந்திருந்தபோது திணித்ததைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கட்டுரையில் காணாமல் போன ஆண்டுக்கு வருகிறேன். 1950 ஜனவரியில் கவர்னர் ஜெனரல் பதவி முடிகிறது. அடுத்த பத்தியைத் திறந்தால் 1952ல் சென்னை முதலமைச்சர். நடுவில் என்ன செய்தார்? மந்திரிசபையில் சேர்ந்தார், பட்டேல் இறந்த பின் 1950 டிசம்பரிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு இந்தியாவின் உள்துறை அமைச்சர். தேசிய அரசில் அவர் வகித்த மிகப் பலமான நாற்காலி அது. கவர்னர் ஜெனரல் கையெழுத்துப் போடுகிறவர், உள்துறை அமைச்சர் ஆட்களைப் பிடிக்கிறவர். ஒருவருடைய சுதந்திரப் பற்றைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் உண்டா?

அந்த ஓராண்டில் அவர் நாடாளுமன்றத்தில் நின்று வாதாடி நிறைவேற்றிய சட்டங்களில் இரண்டைச் சொல்கிறேன். விசாரணையில்லாமல் ஆளை உள்ளே வைக்கும் தடுப்புக் காவல் சட்டம் 1951ல் காலாவதியாக இருந்தது. அதற்கு ஆயுள் கொடுத்தார். அதே ஆண்டு ஆட்சேபகரமான எழுத்துகளை அடக்கும் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி அச்சகத்திடமும் பத்திரிகையிடமும் அரசு ஜாமீன் தொகை கேட்கலாம். அன்றைய பத்திரிகையாளர்கள் கொந்தளித்தார்கள். முந்தைய வெள்ளைக்காரன் சட்டத்தைவிட இது மிருது, அதிகாரி இடத்தில் நீதிபதி உட்கார்ந்தார் என்று சமாதானம் சொல்வார்கள். இருக்கட்டும். அரசியல் சட்டம் அமலாகி இரண்டாண்டு ஆகாத நாட்டில் பேனாவுக்குப் பிணை கேட்டவரைத்தான் கட்டுரையாளர் கருத்துச் சுதந்திரத்தின் காவலர் என்கிறார். இந்த இரண்டு சட்டங்களின் பெயரும் தெரியாமல் அவர் எழுதியிருந்தால் அறியாமை. தெரிந்து விட்டிருந்தால் அதற்கு வேறு பெயர்.

1952க்கு வருவோம். வயதுவந்த எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தல். சென்னையில் 375 இடங்களில் காங்கிரஸ் ஜெயித்தது 152. பெரும்பான்மை இல்லை. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் கூடிக் கணக்குக் காட்டின. தேர்தலில் நிற்காத ராஜாஜியைக் கூட்டிவந்து, கவர்னர் ஸ்ரீபிரகாசா மேல்சபைக்கு நியமித்து, முதலமைச்சர் ஆக்கினார்கள். பிறகு கட்சிகளிலிருந்து ஆள் இழுத்துப் பெரும்பான்மை தயாரிக்கப்பட்டது. முதலமைச்சராக இருந்த இரண்டாண்டில் ஒரு இடைத்தேர்தலில்கூட அவர் வாக்காளரிடம் போகவில்லை. கட்டுரையாளர் இதற்கு வைத்திருக்கும் தலைப்பு: மக்கள் அழைத்தார்கள். எந்த மக்கள், எந்தத் தொகுதியில் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

உணவுக் கட்டுப்பாட்டை 1952 ஜூனில் நீக்கினார், ரேஷன் வரிசை ஒழிந்தது. அதிகாரிகள் பயந்தார்கள், அவர் பயப்படவில்லை. முடிவு சரியாகவே இருந்தது. கட்டுரையாளரின் ராஜாஜி உண்மையில் தலைகாட்டும் ஒரே இடம் இது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று அரசாங்கம் பங்கு பிரித்தது. பண்ணையாளை நினைத்தபோது துரத்த முடியாது என்றது. மிராசுதார்கள் அதிர்ந்து போனார்கள். நெசவாளர் பஞ்சம் வந்தபோது, வேட்டியும் சேலையும் நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்குங்கள், ஆலைகள் தொடக்கூடாது என்று டெல்லியிடம் மன்றாடினார். அதாவது கோட்டா கேட்டார். கேட்டதில் தவறில்லை, நெசவாளிக்கு வேறு வழியில்லை. பின்னாளில் கோட்டா என்ற சொல்லை வசைச்சொல் ஆக்கியவர் கேட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இனி குலக்கல்வி. கட்டுரையாளர் அதிகம் வியர்த்திருப்பது இங்கேதான். அது வெறும் ஷிப்ட் முறை, பள்ளிக்கூடம் போதாமல் செய்த ஏற்பாடு, பருலேகர் குழுவே நல்ல திட்டம் என்றது, ஆறாயிரம் பள்ளிகளை மூடினார் என்பது கட்டுக்கதை என்று அடுக்குகிறார். பள்ளி மூடிய கணக்கை நான் தொடவே போவதில்லை. அது இல்லாமலே வழக்கு நிற்கும். திட்டம் 1953 ஜூனில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வந்தது. பிள்ளைக்கு நாளில் மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். ஷிப்ட் முறை என்றால் முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாமே! மீதிப் பொழுதில் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று சொல்ல அரசாங்கத்துக்கு என்ன அவசரம்? வண்ணார் பிள்ளை துறைக்கு, நாவிதர் பிள்ளை கத்திக்கு, குயவர் பிள்ளை சக்கரத்துக்கு. மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் திட்டம் கிடையாது, ஏனென்றால் அது கிராமத்துக்கு மட்டும். தொரப்பள்ளி கிராம முன்சீப்பின் மகனான ராஜாஜி பெங்களூர் போய், சென்னை போய், சட்டம் படித்து வக்கீலானார். அவர் அரைநாள் அப்பாவின் கணக்குப் புத்தகத்தோடு உட்கார வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை.

பருலேகர் குழு கல்வி நிபுணர் குழு. மூன்று மணி நேரத்தில் எவ்வளவு பாடம் நடத்தலாம் என்று சொல்ல அதற்குத் தகுதி உண்டு. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைத்துப் பழகவேண்டுமா என்பதை அந்தக் குழுவிடம் யாரும் கேட்கவில்லை. தெருவிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரு கேட்காமலே சொன்னது. இன்னொன்று, இவ்வளவு பெரிய திட்டம் சட்டசபையில் விவாதித்து வந்ததல்ல, நிர்வாக உத்தரவாக இறங்கியது. சொந்தக் கட்சிக்காரர்களையே கலந்து பேசவில்லை. 1953 ஜூலை இறுதியில் திட்டத்தை நிறுத்திவைக்கக் கோரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது 138க்கு 138. சபாநாயகர் ஓட்டுப் போடாததால் தப்பித்தது. நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் 139க்கு 137 என்று நிறைவேறியது. சிறிய அரசாங்கம், தனிமனித சுதந்திரம், வரம்புக்குட்பட்ட அதிகாரம் என்று கட்டுரையாளர் உருட்டும் சொற்களை இந்த ஒரு திட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதிர்ப்பெல்லாம் பிராமணத் துவேஷம் என்கிறார். அப்படியானால் காங்கிரசுக்குள்ளேயே டாக்டர் வரதராஜுலு நாயுடு ஏன் கொடி பிடித்தார்? ராஜாஜியின் நம்பிக்கைக்குரிய சி. சுப்பிரமணியம், சபையில் அதே திட்டத்துக்காக வாதாடியவர், காமராஜர் மந்திரிசபையில் உட்கார்ந்ததும் 1954 மே மாதம் தன் வாயாலேயே ஏன் அதைக் கைவிட்டார்? சரி, ராஜாஜியைத் துவேஷித்தது திராவிட இயக்கம் என்றே வைத்துக்கொள்வோம். 1967ல் அதே தி.மு.க. அதே ராஜாஜியோடு கூட்டணி வைத்தது. அந்தத் தோளில் ஏறித்தான் சுதந்திராக் கட்சி சென்னைச் சட்டசபையில் 20 இடம் பிடித்தது. அண்ணாவின் கட்சிக்கு 1953ல் இருந்த சாதிக் காழ்ப்பு 1967ல் எங்கே போய் ஒளிந்துகொண்டது? எதிர்த்தது திட்டத்தை. திட்டம் போனதும், நாற்காலியும் போனதும், மனிதரோடு பேசத் தடையில்லை. பெரியார் அவருடைய அந்திமக் கிரியையில் சக்கர நாற்காலியில் வந்து கலங்கினார் என்பது ஊருக்கே தெரியும். கட்டுரையாளருக்கு மட்டும் அது இடைஞ்சல்.

லைசென்ஸ் ராஜ் பற்றி ராஜாஜி சொன்னதில் பெரும்பகுதி சரி என்பதே என் கருத்தும். ஒரு தொழிற்சாலைக்கு எத்தனை டெல்லி மேசைகளை வணங்க வேண்டியிருந்தது என்பது வணங்கியவர்களுக்குத் தெரியும். ஆனால் சுதந்திராக் கட்சி யாரை வைத்து வளர்ந்தது? ஜெய்ப்பூர் ராணி, ராம்கர் ராஜா, ஒரிசாவின் பழைய சமஸ்தானங்கள். 1962ல் மக்களவையில் 18 இடம், 1967ல் 44. தஞ்சாவூர் மிராசுதாரை அதிரவைத்த மனிதர், நில உச்சவரம்பு என்றாலே துள்ளுகிற பெருநிலக்காரர்களுக்குத் தலைவரானார். கிராமத்துக்கு அரசாங்கம் நெருப்பு என்று அவர்கள் ஊர்வலம் போனபோது, அவர்களுடைய பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு அரசாங்கம் மட்டுமே நிழல் என்பதை 1952ன் ராஜாஜி நன்றாகவே அறிந்திருந்தார்.

ஆக, கொள்கை மாறாத மனிதர் என்ற சித்திரம் நிற்காது. அவரிடம் மாறாதது வேறொன்று. எது நல்லது என்று தனக்குத் தெரியும் என்ற நிச்சயம். அரசாங்கம் தன் கையில் இருந்தவரை அது பெரிதாக, நீளமாக, வீட்டுக்குள், கோயிலுக்குள், பள்ளிக்கூடத்துக்குள், கள்ளுக்கடைக்குள் போகலாம் என்றே நினைத்தார். அந்த நிச்சயம் சேலத்தில் அழகாகப் பலித்தது, 1938ல் ஒரு கடன் சட்டமாகவும் இன்னொரு மொழி உத்தரவாகவும் வந்தது, 1953ல் குழந்தைகளின் மேல் விழுந்தது. ஆட்சி பிறர் கைக்குப் போனபோதுதான் அரசாங்கம் ரொம்பப் பெரிதாகிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அப்போதும் எல்லா விஷயத்திலும் அல்ல. 1971ல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும், தொண்ணூற்றிரண்டு வயதில் கொட்டும் மழையில் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கெஞ்சினார். குடிப்பவன் கோப்பையிலிருந்து அரசாங்கம் கையை எடுக்கக்கூடாது என்றுதான் அந்தக் கிழவர் நனைந்தபடி நின்றார். சுதந்திராக் கட்சியின் நிறுவனர்!

கட்டுரையாளர் ராஜாஜிக்கு விழா எடுக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த முறை எழுத உட்காரும்போது 1938ன் கடன் சட்டம், 1939ன் விற்பனை வரி, 1951ன் பத்திரிகைச் சட்டம் மூன்றையும் மேசையில் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். அதற்கப்புறமும் சிறிய அரசாங்கம் என்று எழுத முடிந்தால், இதே இதழில் அதற்கும் பதில் எழுத நான் தயார்.